500 ஹெர்ட்ஸ் பில்டர் என்று நம்பி 9,500 ரூபாய் போனது

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்கள் கவனத்துக்கு, முக்கியமாக யேசு (Yaesu) கம்பெனியின் எஃப்டி-857டி ரேடியோ வைத்திருப்பவர்களுக்கு. அதில் செருகும் பழைய ஒய்எஃப்-122சி பில்டர் (500 ஹெர்ட்ஸ் அகலத்தை மட்டும் உள்ளே விட்டு, பக்கத்துச் சிக்னல்களை வெட்டுவது) ஒன்று வாங்கி ஏமாந்திருக்கிறேன்.

எங்கள் வீடு கானாடுகாத்தானில். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் கொல்லை. 40 மீட்டர் பேண்டுக்கான 20 மீட்டர் நீள டைப்போல் ஏரியல் கம்பி முற்றத்துக்கு மேலே தாராளமாக நிற்கிறது. (அப்பத்தா அதில் துணி காயப்போடாததுதான் பாக்கி.) ஏரியலில் குறையில்லை. ரேடியோவோடு வரும் பில்டர் சுமார் 2.2 கிலோஹெர்ட்ஸ் அகலம். பேச்சுக்குச் சரி, ராத்திரி 7 மெகாஹெர்ட்ஸில் மோர்ஸ் கேட்டால் நாலு பேர் சேர்ந்து தட்டுவார்கள். இதற்குத்தான் ஒய்எஃப்-122சி. அதற்குள் இருக்கும் காலின்ஸ் மெக்கானிக்கல் பில்டர் இப்போது தயாரிப்பில் இல்லை, பழசைத்தான் தேட வேண்டும்.

விற்றவர் வீடியோ அனுப்பினார். "கேட்டுப் பாருங்கண்ணே, கத்தி மாதிரி வெட்டும்." வெட்டத்தான் செய்தது. பார்சல் வந்ததும் மூடியைக் கழற்றிச் செருகினேன், மெனுவில் மாற்றினேன். ஒரு வித்தியாசமும் இல்லை. வீடியோவைத் திரும்பப் பார்த்தபோதுதான் ரேடியோ திரையில் டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாக வடிகட்டும் வசதி) எரிந்துகொண்டிருப்பது கண்ணில் பட்டது.

இந்த ரேடியோவில் டிஎஸ்பி வேலை செய்வது கடைசியில் வரும் ஒலியில். பக்கத்தில் கத்தும் நிலையம் காதுக்குக் கேட்காது, ஆனால் அது ஏஜிசியை (சிக்னல் பலத்துக்கேற்ப ரேடியோ தானாகவே பெருக்கத்தைக் குறைக்கும் ஏற்பாடு) இழுத்து, நாம் தேடும் மெல்லிய சிக்னலை அமுக்கிக்கொண்டே இருக்கும். ஒலியாக மாறுவதற்கு முன், ரேடியோவுக்குள் 455 கிலோஹெர்ட்ஸ் கட்டத்திலேயே அதை வெட்டி எறியத்தானே தனி பில்டருக்குக் காசு கொடுக்கிறோம்!

டிஎஸ்பியை அணைத்தேன். சிக்னல் ஜெனரேட்டரில் ஒரே கேரியர் (மாறாத ஒற்றை சிக்னல்) கொடுத்து, டயலை 100 ஹெர்ட்ஸாக நகர்த்தி, சிக்னல் பலம் காட்டும் எஸ்-மீட்டரைப் பார்த்தேன். 500 ஹெர்ட்ஸ் தாண்டியதும் மீட்டர் சரிய வேண்டும். 2 கிலோஹெர்ட்ஸ் வரை அசையவில்லை. ஸ்டிக்கரை உரித்தால், உள்ளே பிளாஸ்டிக் கூட்டில் சாதாரண செராமிக் பில்டர். பித்தளைச் சட்டியைத் தட்டி, தூக்கி, அடியைச் சுரண்டிப் பார்த்து வாங்குகிற ஊர்க்காரன் நான், ஒரு ஸ்டிக்கரை நம்பியிருக்கிறேன்.

விற்றவரைக் கேட்டதற்கு, "உங்க ரேடியோவுலதான் கோளாறு" என்றார். அப்புறம் போனை எடுக்கவே இல்லை.

யாராவது வாங்குவதாக இருந்தால் டிஎஸ்பி அணைத்த வீடியோவும், ஸ்டிக்கர் உரித்த படமும் கேளுங்கள். போன வாரம் அதே வீடியோ இன்னொரு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. இப்போது விலை 11,000.