மறைப்புக் கணக்கு: கைலியா, பாயா?

ஒளியைச் சுற்றி வளைத்துவிட்டு ஒரு பொருளைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பது எப்படி? மலேசியாவின் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் தே தாரிக் தேநீர் ஆற, தம்பி மகனுக்குக் கைலியை வைத்துத்தான் விளக்கினேன். பேனா முனையை நுழைத்தால் நூல் அறுவதில்லை. வளைந்து விலகி, அப்பால் பழையபடி சேர்கிறது. 2006இல் இயற்பியலாளர்கள் பென்ட்ரி, ஷூரிக், ஸ்மித் போட்ட கணக்கும் இதுதான்: புள்ளியை ஓட்டையாக விரி, ஒளியை நூலாக எண்ணு; ஓட்டைக்குள் இருப்பது தெரியாது. ஒளியை அப்படி வளைக்க ஓட்டையைச் சுற்றி எங்கே எப்படிப்பட்ட பொருள் வேண்டும் என்பது மின்காந்தத்துக்கான மேக்ஸ்வெல் சமன்பாடுகளிலிருந்தே கிடைத்துவிடும். அழகுதான். ஆனால் புள்ளிக்குச் சுற்றளவே கிடையாதே! அதை வட்டமாக இழுத்தால் உள்விளிம்பில் அந்தப் பொருளுக்கு வேண்டிய பண்புகளில் சில மதிப்புகள் சுழியமாகின்றன, சில முடிவிலிக்கு ஓடுகின்றன. அதே ஆண்டு செய்து பார்த்ததும் நுண்ணலைக்கு மட்டும், அரைகுறையாகத்தான் மறைத்தது.

2008இல் லி, பென்ட்ரி சொன்னது பாய் வழி. பாய்க்கு அடியில் பொருளை ஒளித்தால் மேடு தட்டும்; முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற தரையில் உள்ள அந்த மேட்டைத் தட்டையாகக் காட்டினால் போதும். முடிவிலித் தொல்லை இல்லை. செய்வதற்கு இதுவே மேல்.

"தோட்டத்து மாட்டை மறைக்க எது, பெரியப்பா?"

"பாய்தான்டா. ஆனா மாடு நகரக்கூடாது."