ஹனோய் பழைய தெருக்களா, சைகோன் டிஸ்ட்ரிக்ட் 1-ஆ?

வியட்நாமுக்கு நாலைந்து நாள்தான் லீவு கிடைத்திருக்கிறது, ஒரே ஊரில்தான் தங்க முடியும் என்றால் எங்கே அறை எடுப்பது? ஹனோயின் பழைய வணிகத் தெருக்களிலா, சைகோன் என்கிற ஹோ சி மின் நகரத்தின் மையப் பகுதியான டிஸ்ட்ரிக்ட் 1-லா? என் ஓட்டு ஹனோய்க்குத்தான். ஆனால் வயதான அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்களுக்கு அதையே சொல்ல மாட்டேன்.

ஹனோயில் 'பார்க்க வேண்டிய இடம்' என்று தனியாக எதையும் தேட வேண்டியதில்லை. தெருதான் இடம். ஹோவான் கியெம் ஏரிக்கு வடக்கே, தொழிலுக்கு ஒரு தெரு என்று பிரிந்து வளர்ந்த பகுதி இது. 36 தெரு என்பார்கள். எண்ணிப் பார்த்தால் அதைவிட அதிகம். ஹாங் தியெக் தெருவில் இன்றும் தகரம் தட்டும் சத்தம் காதைத் துளைக்கும். ஹாங் மாவில் இறந்தவர்களுக்காக எரிக்கும் காகிதப் பணம், காகிதச் சட்டை, விழாக்காலம் வந்தால் விளக்குகள். லான் ஓங் தெருவில் நுழையும் முன்பே மூலிகை வாசனை வந்துவிடும். எல்லாத் தெருவும் இப்படியே இருக்கிறது என்று நினைக்காதீர்கள். சணல் விற்ற ஹாங் காய் இப்போது சுற்றுலாப் பயணிகளுக்குப் பட்டு விற்கிறது.

வீடுகள் குழாய் மாதிரி: முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம், நடுவில் முற்றம். மா மே தெருவில் 87-ஆம் எண் வீட்டை இதற்காகவே பராமரித்து, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். அப்புறம் முட்டைக் காபி. 1946-இல் பால் தட்டுப்பாட்டுக்கு மாற்றாகப் பிறந்ததாம். முட்டை என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், இனிப்பு க்ரீம் போலத்தான் இருக்கும்.

குறை என்ன? நடைபாதை இருக்கிறது, நடக்கத்தான் இடமில்லை. பாதி பைக்குகளுக்கு, மீதி சின்ன பிளாஸ்டிக் ஸ்டூல்களுக்கு. வண்டிகளோடு வண்டியாக ரோட்டில்தான் நடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது தண்டனை.

சைகோனின் டிஸ்ட்ரிக்ட் 1 வேறு ரகம். (2025 ஜூலையில் நாடு முழுக்க நிர்வாகத்தில் டிஸ்ட்ரிக்ட் என்ற அடுக்கையே எடுத்துவிட்டார்கள், பேச்சில் மட்டும் பழைய பெயர் ஓடுகிறது.) இங்கே தெருவைவிடக் கட்டடங்கள்தான் பேசும். 1891-இல் கட்டி முடித்த மத்திய தபால் நிலையத்தில் இன்றும் தபால்தலை வாங்கிக் கடிதம் போடலாம். எதிரிலேயே 1880-இல் முடிந்த நோத்ர தாம் தேவாலயம். 2017-இல் தொடங்கிய பழுதுபார்ப்பு இழுத்துக்கொண்டே போவதால் அதை நம்பிப் போகாதீர்கள். வியட்நாம் போர் முடிந்த 1975 ஏப்ரல் 30 அன்று வட வியட்நாம் டாங்கி கேட்டை இடித்துக்கொண்டு நுழைந்த சுதந்திர மாளிகைக்கு மட்டும் நிதானமாக நேரம் ஒதுக்குங்கள். அடித்தளத்தில் இருக்கும் ரேடியோ அறைகளும் வரைபடங்களும் எந்தப் பாடப்புத்தகத்தையும்விடத் தெளிவாகச் சொல்லும். இவற்றையெல்லாம் சுறுசுறுப்பாகச் சுற்றினால் ஒரு பகலில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு மால்களும் மாடிக் கட்டட பார்களும்தான். அங்கேதான் ஹனோய் முந்துகிறது.

ஆனால் தமிழர்கள் டிஸ்ட்ரிக்ட் 1-ஐ அப்படி ஒதுக்கிவிட முடியாது. பென் தான் சந்தைக்குப் பக்கத்தில், ட்ரூங் தின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்கே போன தமிழர்கள் எழுப்பியது. இன்று கும்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் வியட்நாமியர்கள்; ஊதுபத்தியும் பூவுமாக வந்து, கருவறைச் சுவரில் நெற்றியை ஒட்டி வேண்டுதலை முணுமுணுக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி தோன் தாட் தியெப் தெருவில் செட்டியார்களின் தண்டாயுதபாணி கோயில்.

சாப்பாட்டில் இரண்டும் சமம். சைவம் என்றால் 'சாய்' (Chay) என்று போர்டு வைத்த கடைகளைத் தேடுங்கள். மற்ற இடங்களில் காய்கறியிலும் மீன் சாஸ் விழும். வெயிலில் சைகோன் வருடம் முழுக்க ஒரே மாதிரி, மே முதல் மழையும் சேரும். ஹனோய்க்குக் குளிர்காலம் உண்டு, ஜனவரியில் ஸ்வெட்டர் வேண்டும்.

பெரியவர்களோடு போனால் சைகோன். நடைபாதை அகலம், 2024 டிசம்பரில் பென் தானிலிருந்து மெட்ரோவும் வந்துவிட்டது. மற்றவர்கள் ஹனோய்க்கு டிக்கெட் போடும்போது வார இறுதி உள்ளே வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு இரவு வரை ஏரியைச் சுற்றி வண்டிகளுக்குத் தடை. அறையைத் தெருப் பக்கம் கேட்காதீர்கள், தூங்க முடியாது.