இத்தாலி குரூப் டூருக்கு மீதிப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையில் உள்ள ஒரு டூர் நிறுவனம் மூலம் அப்பா, அம்மாவை அழைத்துக்கொண்டு இத்தாலி போய்வந்தோம். ஆளுக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் கட்டினோம். பயணத்திட்டத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த இடங்களில் பெரும்பாலானவற்றை வெளியே நின்றுதான் பார்த்தோம். சிலவற்றை அப்படிக்கூடப் பார்க்கவில்லை. புகார் நடவடிக்கையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் கிட்டத்தட்ட இதே வாசகங்களோடு வேறு விளம்பரங்களும் கண்ணில் படுகின்றன. அதனால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

அப்பா ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர். சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையில் 1508 முதல் 1512 வரை மைக்கேலாஞ்சலோ வரைந்ததை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அந்தச் சிற்றாலயத்துக்கு வாடிகன் அருங்காட்சியகம் வழியாகத்தான் போக முடியும். அது ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் விதிவிலக்கு. எங்கள் திட்டத்தில் 'வாடிகன்' என்று போட்டிருந்த நாள் ஒரு சாதாரண ஞாயிறு.

அதாவது, தேதி முடிவான அன்றைக்கே எங்களால் உள்ளே போக முடியாது என்பது முடிவாகிவிட்டது. திட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை, வருஷம் முழுக்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். புனித பேதுரு சதுக்கத்தில் மதியம் போப்பின் பிரார்த்தனைக்குக் கூடியிருந்த பெருங்கூட்டத்தின் ஓரத்தில் எங்களை நிறுத்தினார்கள். பேராலயத்துக்குள் போகக் கட்டணம் கிடையாது. ஆனால் பாதுகாப்புச் சோதனை வரிசை நீளம் என்று சொல்லி அதையும் விட்டுவிட்டு, போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வாடிகன் முடிந்தது.

ரோமின் பழங்கால அரங்கமான கொலோசியத்திலும் இதே கதைதான். டிக்கெட் தீர்ந்துவிட்டது என்றார் டூர் மேனேஜர். 2023 அக்டோபரிலிருந்து அங்கே டிக்கெட்டில் பார்வையாளரின் பெயர் இருக்க வேண்டும், நுழைவாயிலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சுமார் ஒரு மாதம் முன்பே விற்பனை தொடங்கிவிடும். பக்கத்தில் இடிபாடுகளாக நிற்கும் ரோமானிய ஃபோரமும் பலட்டைன் குன்றும் சேர்த்துச் சாதாரண டிக்கெட் 18 யூரோ. எங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட் நகலும் விசாவுக்காக அவர்களிடம் பல வாரங்களாக இருந்தது. டிக்கெட் எடுக்க முயற்சி செய்ததற்கு ஏதாவது அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

அப்புறம் வழிகாட்டி. 'உள்ளூர் வழிகாட்டியுடன்' என்று எழுதியிருந்தார்கள். இத்தாலியில் வழிகாட்டி வேலைக்கு உரிமம் கட்டாயம். குழுவோடு வரும் டூர் மேனேஜர் ஓட்டல், பஸ், சாப்பாட்டைக் கவனிக்கலாமே தவிர, நினைவுச் சின்னங்களின் முன் நின்று விளக்கம் சொல்லக் கூடாது. எங்களோடு வந்த பையன் பஸ்ஸுக்குள் மைக்கில் செல்போனைப் பார்த்துப் படித்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் யார் என்ன கேட்டாலும் "அப்புறம் சொல்றேன் அங்கிள்" என்று நழுவினான். ஃபோரத்தின் இடிபாடுகளுக்கு மேலே சாலையோரக் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு, எது செனட் கட்டடம், எது டைட்டஸ் வளைவு என்று அப்பாதான் தன் பழைய குறிப்பேட்டைப் பார்த்துச் சொன்னார். குழுவில் பாதிப் பேர் அவரைச் சுற்றி நின்றுவிட்டார்கள்.

திங்கட்கிழமை புளோரன்ஸ். அங்குள்ள பெரிய கலைக்கூடங்களான அக்காதெமியா, உஃபிட்சி இரண்டுக்கும் திங்கள்தான் வார விடுமுறை. ஞாயிறு வாடிகன், திங்கள் புளோரன்ஸ்: இரண்டும் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. நுழைவுக் கட்டணம் கட்டவே வேண்டாதபடி போடப்பட்ட நாள்காட்டி அது.

அங்கே நடந்ததை நான் மறக்க மாட்டேன். சின்யோரியா சதுக்கத்தில் பழைய அரண்மனையின் வாசலில் ஒரு டேவிட் சிலை நிற்கிறது. "இதுதான் மைக்கேலாஞ்சலோ செஞ்ச டேவிட், எல்லாரும் போட்டோ எடுத்துக்கோங்க" என்றான் அந்தப் பையன். அசல் சிலை 1504-இல் அதே இடத்தில்தான் வைக்கப்பட்டது. ஆனால் 1873-இல் அதை அக்காதெமியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது வெளியே மழையிலும் வெயிலிலும் நிற்பது 1910-இல் வைத்த நகல். அப்பா கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வந்து, எல்லோர் முன்பும் அவனைக் குறைத்துப் பேச மனமில்லாமல், மெதுவாகத்தான் கேட்டார்: "தம்பி, அசல் அக்காதெமியாவுல இல்ல இருக்கு?"

"ரெண்டும் ஒண்ணுதான் அங்கிள். இங்க கூட்டமும் இல்ல, டிக்கெட்டும் வேண்டாம்."

நாற்பது பேருக்கு மேல் இருந்த குழுவில் எத்தனை பேர் நகலை அசல் என்று நினைத்து ஊர் திரும்பியிருக்கிறார்களோ! காசு போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. ஐந்து மீட்டருக்கு மேல் உயரமான ஒற்றைப் பளிங்குக் கல்லில் அந்த வலது கை நரம்புகளை மைக்கேலாஞ்சலோ எப்படிச் செதுக்கினான் என்று அப்பா வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். அக்காதெமியாவில் டேவிட் நிற்கும் இடத்துக்குப் போகும் வழியில், கல்லிலிருந்து பாதி வெளிவந்த நிலையில் மைக்கேலாஞ்சலோ விட்டுவிட்ட கைதிகளின் சிலைகளும் இருக்கின்றன. சுமார் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருந்த அவற்றையும் அப்பா பார்க்கவில்லை.

மறுநாள் செவ்வாய், அக்காதெமியா காலை 8.15-க்கே திறந்துவிடும். டிக்கெட்டை நாங்களே எடுத்துக்கொள்கிறோம், பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம் என்று கெஞ்சினோம். நேரமில்லை என்றார்கள். ஆனால் அதே காலையில் ஒரு தோல் சாமான் கடைக்குள் எங்களை ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்தார்கள். கைப்பை, பெல்ட், ஜாக்கெட் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்கள். கதவருகே மேனேஜரும் கடைக்காரரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஒன்றரை மணி நேரத்துக்குப் பலியானது சியெனா என்ற பழைய ஊர். செங்கல் பாவிய காம்போ சதுக்கம், கியாந்தி திராட்சைத் தோட்டத்தில் மதிய உணவு என்று திட்டத்தில் இருந்த அன்றைய நிகழ்ச்சி அப்படியே ரத்து. டிரைவருக்கு நேரம் முடிந்துவிடும் என்பது காரணம். ஐரோப்பிய விதிப்படி பஸ் ஓட்டுநர் பொதுவாக ஒரு நாளில் 9 மணி நேரம்தான் ஓட்டலாம், நாலரை மணி நேரம் ஓட்டியதும் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும், வண்டியில் உள்ள கருவி எல்லாவற்றையும் பதிந்துகொள்ளும். நல்ல விதி, அதில் எனக்குக் குறையே இல்லை. தெரிந்த விதிதானே, அதை வைத்துத்தானே திட்டம் போட்டிருக்க வேண்டும்? இந்த ஊர்களெல்லாம் இருக்கும் டஸ்கனிப் பகுதியின் குன்றுகளை நெடுஞ்சாலைத் தடுப்புக்கு மேலே தெரிந்த மட்டும் பார்த்தோம். பீசாவில் கோபுரத்தைக் கையால் தாங்குவதுபோல் ஒரு படம், அவ்வளவுதான்.

சாப்பாடு விஷயத்தில் நான் நியாயமாகவே சொல்கிறேன். வயதானவர்களுக்குச் சோறும் பருப்பும் தேவை, அதற்காக இந்திய உணவகத்துக்குக் கூட்டிப்போனால் தப்பில்லை. ஆனால் 'இத்தாலிய உணவு அனுபவம்' என்று தனியாகத் தொகை போட்டு வாங்கியிருந்தார்கள். கிடைத்தது தினமும் இரவில் ஜீரா ரைஸ், சென்னா மசாலா. ஒரே ஒரு மதியம் ஆறிப்போன தக்காளிப் பாஸ்தா. அதைவிட மோசமானது, சுத்த சைவமான ஒரு தம்பதியிடம் தட்டில் துருவிப் போட்டிருந்த பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் 'ப்யூர் வெஜ்' என்று சொன்னது. அந்த சீஸுக்குப் பாலை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால்தான். அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது விதி. அந்த அம்மா விஷயம் தெரிந்ததும் அழுதுவிட்டார்.

வெனிஸில் ஓட்டல் வெனிஸில் இல்லை, பாலம் தாண்டி மெஸ்த்ரேயில். முரானோ கண்ணாடிக் கடையில் இன்னொரு நீண்ட விற்பனைப் படலம். கோண்டோலா என்ற துடுப்புப் படகுச் சவாரிக்கு ஆளுக்கு 40 யூரோ ரொக்கமாக வாங்கி, படகுக்கு ஐந்து பேராக ஏற்றினார்கள். வெனிஸ் நகராட்சி நிர்ணயித்த பகல் கட்டணம் 30 நிமிடத்துக்குப் படகு ஒன்றுக்கு 90 யூரோ. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இது போக, 'எல்லாம் அடக்கம்' என்ற தொகைக்கு மேல் ஓட்டல்களில் நகர வரி, மேனேஜருக்கும் டிரைவருக்கும் கட்டாய டிப்ஸ்.

முன்பணம் கட்டியிருப்பவர்கள் மீதியைக் கட்டுவதற்கு முன், திட்டத்தில் உள்ள ஒவ்வொரு தேதிக்கும் கிழமை போட்டுப் பாருங்கள். வாடிகன் ஞாயிறிலோ, புளோரன்ஸ் திங்களிலோ விழுந்தால் அப்போதே நிறுத்திக் கேளுங்கள். 'பார்வையிடுதல்' என்று போட்டிருக்கும் இடத்துக்கு உள்ளே போகிறோமா என்று மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். விற்பனை தொடங்கியதும் உங்கள் பெயர் அச்சிட்ட கொலோசியம் டிக்கெட்டைக் கேளுங்கள். ஓட்டலின் முழு முகவரியைக் கேளுங்கள். தயங்கினால் அதுவே பதில்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் விட்டுவிட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. முதல் கட்ட ஆலோசனைக்குத் தேசிய உதவி எண் 1915. விளம்பரத் தாள், ரசீது, வாட்ஸ்அப் செய்திகள், தேதியுள்ள படங்கள் எதையும் அழிக்காதீர்கள்.

எங்கள் புகாருக்கு நிறுவனம் அனுப்பிய பதில்: அடுத்த பயணத்தில் ஆளுக்குப் பதினைந்தாயிரம் தள்ளுபடி. வேண்டாம் என்று எழுதிவிட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். எங்களோடு வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கோண்டோலாவுக்கும் டிப்ஸுக்கும் பணம் வாங்கியபோது எடுத்த படமோ, குழுவில் வந்த குரல் செய்திகளோ இருந்தால் எங்களுக்கு அனுப்புங்கள். ரசீது தராமல் வாங்கிய தொகைக்கு அவைதான் சாட்சி.