காசு கொடுத்து வாங்கிய ட்ராக்கை நம்பி ருத்ரநாத்திலிருந்து இறங்காதீர்கள்

ஆன்லைனில் ஒருவர், இமயமலை ட்ரெக் பாதைகளை "நானே நடந்து பதிவு செய்தது" என்று சொல்லி ஜிபிஎக்ஸ் கோப்புகளாக (ஃபோன் வரைபடத்தில் திறந்தால் நடக்க வேண்டிய வழியைக் கோடாகக் காட்டுபவை, இவற்றைத்தான் ட்ராக் என்பார்கள்) விற்கிறார். உத்தராகண்டில் சகர் கிராமத்தில் ஏறி, ருத்ரநாத் கோயில் பார்த்து, அனுசுயா தேவி கோயில் வழியாக மண்டல் என்ற கிராமத்தில் இறங்கும் பாதைக்கு 900 ரூபாய் கொடுத்து வாங்கினோம். அந்தக் கோட்டை நம்பியதால் நானும் என் தம்பியும் காட்டுக்குள் நான்கு மணி நேரம் வழி தெரியாமல் அலைந்தோம். இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது.

சகரிலிருந்து ஏறும்போதே கோடு பாதையோடு ஒட்டவில்லை, பக்கத்துச் சரிவில் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் பக்கம் கோவேறு கழுதைகள் போகிற அகலமான பாதை, பனார் புல்வெளி வரை டீக்கடை இருக்கிறது, ஆட்களும் வருகிறார்கள், அதனால் கோடு எங்கே போனால் நமக்கென்ன என்று விட்டுவிட்டோம். அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

மண்டல் பக்க இறக்கம் அப்படியில்லை. நவோலா கணவாய் தாண்டியதும் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும், அப்புறம் ஓக் மரமும் புராஞ்சும் (ரோடோடென்ட்ரான் மரம்) அடர்ந்த காடு. ஒரு இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. கோடு இடது பக்கம் காட்டியது, போனோம். அரை மணி நேரத்தில் அது ஒற்றையடிப் பாதையாகி, பிறகு ரிங்கால் மூங்கில் புதருக்குள் காணாமல் போய், கடைசியில் ஒரு மண் சரிவின் விளிம்பில் நின்றது. ஃபோனில் நீலப் புள்ளி கோட்டின் மேல் கச்சிதமாக இருக்கிறது, காலடியில் பாதையே இல்லை. தம்பி மூங்கிலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான், கீழே நீர் ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

மாலையில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் எதிர்ப்பட்டார். "பேட்டா, இது ஆடு போகிற வழி, ஆள் போகிற வழி மேலே" என்று இந்தியில் சொல்லி, தன் மந்தையை விட்டுவிட்டு எங்களைப் பாதை வரைக்கும் கொண்டுவந்து விட்டார். காசு கொடுத்தோம், வாங்கவில்லை. அனுசுயா தேவி கோயிலை நாங்கள் அடைந்தபோது இரவு எட்டரை.

ஊருக்கு வந்ததும் அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தேன். உண்மையில் நடந்து பதிவு செய்த ட்ராக்கில் பொதுவாக ஒவ்வொரு புள்ளிக்கும் நேரம் இருக்கும், உட்கார்ந்து தண்ணீர் குடித்த இடத்தில் புள்ளிகள் குவிந்து கிடக்கும். இதில் நேரமே இல்லை, உயரமும் இல்லை, குவியலும் இல்லை. ஏறும்போது என் ஃபோனில் பதிவானதோடு ஒப்பிட்டால், அவர் கோட்டை மேற்கே சுமார் 150 மீட்டர் நகர்த்தினால் அப்படியே பொருந்துகிறது. காட்டில் ஜிபிஎஸ் பிசகும்தான், ஆனால் அது இங்கொரு பக்கம் அங்கொரு பக்கமாகப் பிசகும், வழி நெடுக ஒரே திசையில் ஒரே அளவு விலகாது. அப்படி விலகுவதற்கு வேறு காரணம் உண்டு. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய 1:50,000 வரைபடங்கள் எவரெஸ்ட் என்ற பழைய அளவை முறையில் போடப்பட்டவை, ஃபோன் காட்டுவது ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 முறையில். ஒரே இடத்துக்கு இரண்டிலும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் சற்று வேறாக வரும். மாற்றாமல் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். பழைய வரைபடம் ஒன்றை அப்படி மாற்றாமல் வைத்துப் பார்த்தேன். அவர் கோடு அதிலிருந்த புள்ளிக்கோட்டின் மேல் வளைவுக்கு வளைவு உட்கார்ந்தது. நடக்கவே இல்லை, வீட்டிலிருந்து வரைந்திருக்கிறார்.

இதையெல்லாம் படத்தோடு அனுப்பினேன். "காட்டில் ஜிபிஎஸ் இப்படித்தான் வரும், நீங்கள்தான் கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்றார், பணம் கேட்டதும் என்னை பிளாக் செய்துவிட்டார்.

யாராவது ட்ராக் விற்றால், காசு கொடுக்கும் முன் நேரப் பதிவு உள்ள கோப்பா என்று கேளுங்கள். இலவசமாகக் கிடைத்ததாக இருந்தாலும், பாதை தெளிவாகத் தெரிகிற முதல் ஒரு மணி நேரத்தில் கோடு ஒட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள், ஒட்டவில்லை என்றால் மேலே அதை நம்பவே நம்பாதீர்கள். மண்டல் பக்கம் இறங்குவதென்றால் சகரிலேயே உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். நேற்று தம்பி ஃபோனிலிருந்து பார்த்தேன், அந்தக் கோப்பு இன்னும் விற்பனையில் இருக்கிறது, "நானே நடந்து பதிவு செய்தது" என்ற வரியோடு.