அமெரிக்க வாக்குச்சீட்டில் கஞ்சா: எந்த ‘ஆம்’, எந்த ‘இல்லை’?

2012 நவம்பர் 6 அன்று கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் ஒரே நாளில், மக்கள் நேரடி வாக்கெடுப்பில், கஞ்சாவுக்கு ‘ஆம்’ போட்டன. ஆதரவு இரண்டிலும் 55 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. வயது வரம்பு இரண்டிலும் 21. கையில் வைத்திருக்கும் அளவும் அப்போது ஒன்றே: ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம். ஒற்றுமை அத்தோடு சரி. கொலராடோவில் ஒருவர் வீட்டில் ஆறு செடி வளர்க்கலாம். வாஷிங்டனில் மருத்துவ அனுமதி இல்லாதவர் ஒரு செடி வைத்தாலும் வழக்கு.

கஞ்சா நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்கு முடிவே கிடையாது. வாக்குச்சீட்டில் வருவதோ ஒரு குறிப்பிட்ட சட்ட வாசகம். யார் வளர்ப்பது, வரி எதன்மேல், ஊர் மறுக்கலாமா, சட்டமன்றம் பிற்பாடு திருத்தலாமா என்ற நான்கையும் பார்த்தால், கஞ்சாவை ஆதரிப்பவரே ‘இல்லை’ போட வேண்டிய வாசகங்களும் உண்டு, எதிர்ப்பவர் சகித்துக்கொள்ளக்கூடிய வாசகங்களும் உண்டு.

யார் வளர்ப்பது, யார் விற்பது

2012இல் கொலராடோ ஏற்ற 64ஆம் சாசனத் திருத்தத்தில் ஆறு செடிக்கு அனுமதி. ஒரு நேரத்தில் மூன்றுதான் பூத்திருக்கலாம். இடம் மூடியதாகவும் பூட்டியதாகவும் இருக்க வேண்டும். இங்கே பலர் குழம்புவார்கள். வெளியில், நல்ல வெயிலில் வளர்ந்த ஒரு செடியே அரைக் கிலோவுக்கு மேல் காய்ந்த பூ தரக்கூடும். 28 கிராம் வரம்பு எங்கே போயிற்று? வளர்த்த இடத்திலேயே வைத்திருக்கும் வரை அறுவடை முழுவதும் வளர்த்தவருக்குச் சொந்தம். வீட்டை விட்டு வெளியே எடுத்துப் போகும்போதுதான் அவுன்ஸ் கணக்கு. வாசகத்தில் இந்த ஒரு வரி விடுபட்டால் வீட்டுச் செடி அனுமதி வெறும் காகிதம்தான்.

வீட்டு வளர்ப்பில் கோளாறும் உண்டு. மருத்துவச் சீட்டைக் காட்டி ஒரே வீட்டில் பல டஜன் செடிகள் வளர்த்து, தடை உள்ள பக்கத்து மாநிலங்களுக்குக் கடத்தியவர்கள் இருந்தார்கள். அதனால் 2018 முதல் வீட்டுக்குப் பன்னிரண்டு என்று கொலராடோ வரம்பு கட்டியது. இன்னொன்று பியூட்டேன். பூவிலிருந்து எண்ணெய் எடுக்க சமையலறையிலேயே பியூட்டேன் வாயுவைப் பாய்ச்சுவார்கள். அது காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, அடுப்பின் சின்ன நெருப்பு பட்டாலும் வெடிக்கும். தீக்காயங்கள் பெருகிய பிறகுதான் உரிமம் இல்லாதவர்கள் இப்படி எண்ணெய் எடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. செடிக்கு அனுமதி கேட்கும் வாசகத்தில் எண்ணெய் எடுப்பதற்குத் தனி விதி இருக்கிறதா என்று முதலிலேயே பார்க்க வேண்டும்.

வாஷிங்டன் வேறு வழியில் போனது. வீட்டில் வளர்க்கக் கூடாது. வளர்ப்பவரும் பதப்படுத்துபவரும் சில்லறைக் கடை வைக்கவும் கூடாது. நெல் விளைவிப்பவரும் ஆலைக்காரரும் மளிகைக்கடை நடத்தக் கூடாது என்பதுபோல. செடி முதல் கல்லாப்பெட்டி வரை ஒரே கம்பெனி பிடித்துவிடாமல் இது தடுத்தது. கொலராடோவில் கடை திறந்த முதல் ஒன்பது மாதம் இதற்கு நேர்மாறு: விற்கும் சரக்கில் 70 சதவீதத்தைக் கடைக்காரரே விளைவிக்க வேண்டும்.

ஏகபோகம் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க ஒஹாயோவின் 2015 வாசகத்தைப் படிக்கலாம். வணிகத்துக்கான வளர்ப்பு பத்தே இடங்களில். அந்த இடங்கள் பிரசாரத்துக்குப் பணம் போட்ட முதலீட்டாளர்களின் கையில். இதை மாநில அரசியல் சாசனத்திலேயே எழுதிவிடுவது என்பது திட்டம். ஏறத்தாழ 64 சதவீதம் பேர் ‘இல்லை’ போட்டார்கள். அதே ஒஹாயோ 2023இல் ஏகபோகம் இல்லாத வாசகத்துக்கு 57 சதவீத ஆதரவு தந்தது. எட்டு ஆண்டுகளில் மனநிலை மாறியிருக்கலாம். வாசகம் அதைவிட அதிகமாக மாறியிருந்தது.

ஃபுளோரிடாவின் 2024 வாசகம் இரண்டுக்கும் நடுவில். மூன்று அவுன்ஸ் வைத்திருக்கலாம், வீட்டில் வளர்க்க முடியாது, ஏற்கெனவே மருத்துவக் கஞ்சா விற்கும் நிறுவனங்களே எல்லோருக்கும் விற்கத் தொடங்கலாம். அப்படிப்பட்ட ஒரு நிறுவனம் மட்டுமே பிரசாரத்துக்கு 14 கோடி டாலருக்கு மேல் கொட்டியது. ஏறக்குறைய 56 சதவீதம் ‘ஆம்’ கிடைத்தும் தோற்றது, ஏனென்றால் அங்கே சாசனத் திருத்தத்துக்கு 60 வேண்டும்.

தலைநகர் வாஷிங்டன் டி.சி. 2014இல் தேர்ந்தது விசித்திரமான வழி. இரண்டு அவுன்ஸ் வைத்திருக்கலாம், வளர்க்கலாம், ஓர் அவுன்ஸ் வரை இனாமாகக் கொடுக்கலாம், விற்கக் கூடாது. விற்பனையை ஒழுங்குபடுத்த நகரம் நினைத்தாலும், அதற்குப் பணம் செலவழிக்க அமெரிக்க நாடாளுமன்றம் தடை போட்டுவிட்டது. விளைவு, ஐம்பது டாலருக்கு ஒரு ஸ்டிக்கர் விற்று, கூடவே கஞ்சாவைப் ‘பரிசாக’த் தரும் கடைகள் முளைத்தன. வரியும் இல்லை, சரக்கில் பூஞ்சையோ பூச்சிமருந்தோ இருக்கிறதா என்ற சோதனையும் இல்லை. விற்பனையை விட்டுவிட்டு உடைமைக்கு மட்டும் அனுமதி தந்தால் பெரிய கம்பெனிகள் வராது என்பது நியாயமான வாதம்தான். ஆனால் சந்தை வேறு வாசலில் வந்துவிடுகிறது.

வரி

எடைமேல் வரியா, விலைமேல் வரியா? கலிஃபோர்னியா 2016இல் ஏற்ற 64ஆம் முன்மொழிவு இரண்டையும் போட்டது: சில்லறையில் 15 சதவீதம், அதற்கும் முன்னால் விவசாயியிடம் காய்ந்த பூவுக்கு அவுன்ஸுக்கு 9.25 டாலர். ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ், ஆக 148 டாலர். மொத்த விலை பவுண்டுக்கு 1,500 டாலராக இருந்தால் அது பத்தில் ஒரு பங்கு. விளைச்சல் பெருகி விலை 500க்கு இறங்கினால் அதே 148 டாலர் கிட்டத்தட்ட 30 சதவீதம். விலை விழும்போது விவசாயியின் கழுத்தை நெரிக்கும் வரி இது. அனுமதி பெற்றவர்கள் மூச்சுத் திணற, அனுமதி பெறாதவர்கள் வரி இல்லாமல் மலிவாக விற்றார்கள். 2022 ஜூலையில் அந்த எடை வரியை ரத்து செய்தார்கள்.

வாஷிங்டன் முதலில் வளர்ப்பவர், பதப்படுத்துபவர், கடைக்காரர் மூவரிடமும் 25 சதவீதம் வாங்கியது. வரியின்மேல் வரி ஏறியது. 2015இல் அதை எடுத்துவிட்டு, கடையில் மட்டும் 37 சதவீதம் என்று வைத்தார்கள். அதற்கு மேல் வழக்கமான விற்பனை வரி. கொலராடோவில் புது வரி எதற்கும் மக்கள் தனியாக ஒப்புதல் தர வேண்டும் என்று மாநில சாசனம் சொல்வதால், ‘ஆம்’ வந்த அடுத்த ஆண்டு இன்னொரு வாக்கெடுப்பு நடத்தித்தான் வரியை உறுதி செய்தார்கள். ஆண்டில் முதலில் சேரும் 4 கோடி டாலர் உற்பத்தி வரி பள்ளிக் கட்டடங்களுக்கு என்பது 64ஆம் திருத்தத்தின் பேச்சு. பிரசாரத்தில் நன்றாக எடுபட்டது; ஆசிரியர் சம்பளத்துக்கு அதில் வழி இல்லை என்பது பலருக்குப் பிறகுதான் தெரிந்தது.

என் கணக்கில் சில்லறை விலைமேல் ஒரே ஒரு வரி, தொடக்கத்தில் குறைவாக, பிறகு உயர்த்த இடம் வைத்து இருப்பதே மேல். கள்ளச்சந்தையோடு விலையில் மோத வேண்டியது முதல் மூன்று நான்கு ஆண்டுகளில்தான்.

ஊரும் சட்டமன்றமும்

கலிஃபோர்னியாவில் பாதிக்கும் மேற்பட்ட ஊர்களும் மாவட்டங்களும் சில்லறைக் கடைக்கு இடம் தரவில்லை. மாநிலம் ‘ஆம்’ சொன்னது, ஊர் ‘இங்கே வேண்டாம்’ என்றது. கடை இல்லாத ஊரிலும் வாங்குபவர் இருப்பார். அவருக்கு மறைவாகக் கொண்டுவந்து தர ஆளும் இருப்பார். மாசசூசெட்ஸ் இதற்கு ஒரு நுட்பம் கண்டது: 2016இல் ‘இல்லை’ போட்ட ஊர்களில் 2019 இறுதி வரை ஊராட்சியே தடை செய்யலாம், ‘ஆம்’ போட்ட ஊர்களில் தடைக்கு மறுபடி மக்கள் வாக்கு வேண்டும்.

சாசனத் திருத்தமாக வந்தால் சட்டமன்றம் கை வைப்பது கடினம்; சாதாரணச் சட்டமாக வந்தால் எளிது. ஒஹாயோவின் 2023 வாசகம் இரண்டாம் வகை, எந்த நேரமும் சாதாரணப் பெரும்பான்மையில் திருத்தலாம். மாசசூசெட்ஸ் சட்டமன்றம் மக்கள் ஏற்ற 12 சதவீத வரியை மறு ஆண்டே 20 வரை போகும்படி மாற்றியது. மெய்னில் ‘ஆம்’ 2016இல் மயிரிழையில் வென்றது. முதல் கடை திறந்தது 2020 அக்டோபரில். சாசன வழியிலும் பள்ளம் உண்டு. தெற்கு டகோட்டாவில் 2020இல் 54 சதவீதம் ‘ஆம்’ வந்தது. ஒரே திருத்தத்தில் பல விஷயங்களைத் திணித்திருக்கிறார்கள் என்று மறு ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. மருத்துவக் கஞ்சாவையும் தொழிற்சணலையும் (நாருக்கு வளர்க்கும், போதை தராத கஞ்சா வகை) அதே வாசகத்தில் சேர்த்ததுதான் வினை.

பழைய தண்டனைகள் பற்றியும் வாசகத்தில் தேட வேண்டும். கலிஃபோர்னியா, தண்டனை பெற்றவர் மனு போட்டால் பதிவைக் குறைக்கலாம் என்றது. மனு போட்டவர் குறைவு. 2018இல் மாநிலமே பதிவுகளைத் தேடி எடுக்க வேண்டும் என்று தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

வண்டியும் குழந்தையும்

எதிர்ப்பவர்களின் வலுவான வாதங்கள் இங்கேதான். கொலராடோவும் வாஷிங்டனும் வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் டி.ஹெச்.சி. (கஞ்சாவில் போதை தரும் பொருள்) என்று கோடு போட்டன. வாஷிங்டனில் அதைத் தாண்டினாலே குற்றம். கொலராடோவில் தாண்டினால் போதையில் இருந்தார் என்று நடுவர் குழு ஊகிக்கலாம், மறுத்து வாதாடவும் இடம் உண்டு. சாராயம் ரத்தத்தில் சீராகக் குறையும். டி.ஹெச்.சி. கொழுப்பில் தங்கி மெல்லக் கசிவது. தினம் புகைப்பவர் மறுநாள் தெளிவாக இருக்கும்போதும் கோட்டைத் தாண்டலாம். எப்போதாவது புகைப்பவர் தடுமாறிக்கொண்டே கோட்டுக்குக் கீழே இருக்கலாம், அதிலும் ரத்தம் எடுக்க இரண்டு மணி நேரம் தாமதமானால். இரண்டில் கொலராடோ வழி நேர்மையானது.

கஞ்சா கலந்த தின்பண்டங்கள் அதைவிடச் சிக்கல். புகைத்தால் சில நிமிடத்தில் ஏறும்; தின்றால் அரை மணி முதல் இரண்டு மணி வரை ஆகும். ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு துண்டு தின்பதுதான் வழக்கமான தவறு. ஒரு பிஸ்கட்டில் பத்துப் பேருக்கான அளவு இருந்த காலமும் உண்டு. துண்டுக்கு 10 மில்லிகிராம் டி.ஹெச்.சி. என்று பிரித்து, பொட்டலத்துக்கு 100க்கு மேல் போகாமல் விற்க வேண்டும் என்று கொலராடோ பிறகு இறுக்கியது. கனடாவில் பொட்டலத்துக்கே 10தான். மிட்டாய் வடிவம் குழந்தைகளை இழுக்கிறது: ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் கஞ்சாத் தின்பண்டம் தின்றதாக அமெரிக்க நச்சு ஆலோசனை மையங்களுக்கு 2017இல் வந்த தகவல்கள் 207, 2021இல் 3,054. பூட்டிய மூடி, மில்லிகிராம் வரம்பு, மிட்டாய் உருவத்துக்குத் தடை ஆகியவற்றை விதியாக்கும் அதிகாரத்தை யாருக்கும் தராத வாசகத்துக்கு ‘இல்லை’ என்பதே பதில்.

‘இல்லை’யிலும் வகை உண்டு

நியூசிலாந்தில் 2020இல் முழு மசோதாவையும் முன்வைத்துக் கேட்டார்கள்: 20 வயது, நாளுக்கு 14 கிராம், ஆளுக்கு இரண்டு செடி. 50.7க்கு 48.4 என்று தோற்றது. பழைய தடை அப்படியே நின்றது. மாசசூசெட்ஸ் 2008இல் வேறு நடுவழியைத் தேர்ந்திருந்தது: ஓர் அவுன்ஸ் வரை கைது இல்லை, 100 டாலர் அபராதம். விற்பனை குற்றமாகவே இருந்தது. பெரிய வணிகத்துக்குப் பயப்படுபவர்களுக்கு இதுவே பொருத்தம், சோதனை செய்யாத சரக்கு என்ற குறையோடு.

எந்த வாசகமும் தொடாத சட்டம்

கஞ்சாவை 1970இல் அமெரிக்க ஒன்றியச் சட்டம் ஹெராயினோடு, மிகக் கடுமையான தடை உள்ள முதல் பட்டியலில் வைத்தது. முதல் இரண்டு பட்டியல் சரக்கு விற்பவர் வாடகை, சம்பளத்தை வருமான வரியில் கழிக்க முடியாது. 100 டாலருக்கு விற்று, சரக்குக்கு 50, வாடகை சம்பளத்துக்கு 40 போனால் லாபம் 10. வரியோ 50க்கு; 21 சதவீதத்தில் 10.50. லாபத்தைவிட வரி அதிகம். கடைகள் நொடிப்பதற்கு மாநில வரியை மட்டும் குறை சொல்வது பாதிக் கணக்கு.

தமிழர்களுக்கு நேரடியாகப் படும் இடமும் இதுவே. எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவருக்கு இந்த வாக்கெடுப்பில் வாக்கு இல்லை, பின்விளைவு உண்டு. மாநிலத்தில் சட்டபூர்வமானாலும் கஞ்சா பயன்படுத்தியதை எல்லை அதிகாரியிடம் ஒப்புக்கொண்டால் நாட்டுக்குள் விட மறுக்கலாம். கஞ்சாத் தொழிலில் வேலை பார்த்ததேகூட குடியுரிமைக்கு வேண்டிய நன்னடத்தைக்குத் தடையாகலாம் என்று குடியேற்றத் துறை 2019இல் எழுத்திலேயே அறிவித்தது. உரிமம் பெற்ற கடையில் சம்பளச் சீட்டோடு பார்த்த வேலைக்கும் இது பொருந்தும்.