தீப்பெட்டியா, பால்பவுடர் டப்பாவா? மதுரை வெயிலில் ஊசித்துளை கேமரா

லென்ஸ் இல்லாத கேமரா செய்ய உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் கையிலெடுப்பது தீப்பெட்டியை. சாத்தூரும் கோவில்பட்டியும் பக்கத்தில் இருக்க, பெட்டிக்கு என்ன பஞ்சம்? ஆனாலும் முதல் கேமராவுக்குப் பால்பவுடர் டப்பாதான் சரி.

துளைக்கும் படம் விழும் இடத்துக்கும் உள்ள தூரத்தை மி.மீ.யில் அளந்து 0.00055-ஆல் பெருக்குங்கள். அதன் வர்க்கமூலத்தை 1.9-ஆல் பெருக்கினால் துளையின் விட்டம் கிடைக்கும். தீப்பெட்டியில் தூரம் சுமார் 15 மி.மீ., துளை 0.17 மி.மீ. 10 செ.மீ. விட்டமுள்ள டப்பாவில் 0.45. சின்னத் துளைதான் தெளிவான படம் தரும் என்று தோன்றும். ஆனால் தீப்பெட்டிக்குள் ஓடும் ஃபிலிமில் விழும் படம் 24 மி.மீ. சதுரம், அதன் அகலத்தில் துளையளவுப் புள்ளிகள் 140 தான் அடங்கும். டப்பாவில் 5-க்கு 7 அங்குல போட்டோ தாள் வைத்தால் குறுகிய பக்கத்திலேயே 280 அடங்கும். தெளிவில் டப்பா இரண்டு மடங்கு.

துளை போடுவதிலும் அதே கதை. குளிர்பான கேனின் அலுமினியத் தகட்டை அட்டைமேல் வைத்து, மறுபக்கம் புடைக்கும் அளவுக்கு மட்டும் ஊசியை அழுத்தி, புடைப்பை 600 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்து, ஊசி முனையைச் சுழற்றிப் பிசிறு நீக்க வேண்டும். ஸ்கேனரில் 1200 டிபிஐயில் வைத்துப் பார்த்தால் 0.45 மி.மீ. துளை 21 பிக்சல், 0.17 துளை வெறும் 8. எட்டில் ஒரு பிக்சல் பிசகினாலும் அது பெரிய பிசகு.

டப்பாவின் உட்புறத்துக்கு மினுக்கம் இல்லாத கறுப்புப் பெயின்ட் கட்டாயம். இல்லாவிட்டால் சுவரில் எதிரொளித்து வரும் வெளிச்சம் தாளை வெளுக்கவிடாமல் சாம்பலாக்கிவிடும். பிளாஸ்டிக் மூடி வெளிச்சத்தை உள்ளே விடும். தாள் சுற்றி வரும் கறுப்பு உறையை வெட்டி உள்பக்கம் ஒட்டுங்கள். போட்டோ தாளின் வேகம், அதாவது வெளிச்சத்தை உணரும் திறன், ஐஎஸ்ஓ 6 அளவுதான். உச்சி வெயிலில் 30 விநாடி, மேகம் மூடினால் இரண்டு நிமிடம். மாலை மஞ்சள் வெயிலில் கண்ணுக்குத் தெரிவதைவிட வெளிச்சம் குறைவு என்று கொள்ள வேண்டும். தாளுக்கு நீலமும் பச்சையும்தான் தெரியும். அதனால்தான் கோபுரத்துச் சிவப்பெல்லாம், தாளில் விழும் நெகட்டிவைத் திருப்பிய படத்தில் கறுப்பாக வரும். வளைந்த தாள் என்பதால் நாயக்கர் மகால் தூண்கள் நேராக நிற்கும், மேலே ஓடும் கிடைக்கோடுகள் வளையும். குறையென்று சொல்ல மனம் வராது.

எடுத்த தாளைக் கழுவிப் படத்தை வரவழைக்க அரை லிட்டர் தண்ணீருக்கு வாஷிங் சோடா 27 கிராம், வைட்டமின் சி தூள் 8 கிராம், இன்ஸ்டன்ட் காப்பித்தூள் 20 கிராம். சோடா கல்கல்லாக இருந்தால் அது நீர் கோத்தது, 73 கிராம் போடுங்கள். சிக்கரி கலந்த தூளும் மெல்லும் வைட்டமின் மாத்திரையும் வேண்டாம். சித்திரையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். கரைசல் சூடானால் தாள் புகை படிந்ததுபோல் ஆகும். ஐஸை உள்ளே போடாமல், பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்துக் குளிர்வியுங்கள். பிறகு ஹைப்போ (படத்தை நிலைக்கவைக்கும் கரைசல்), பிறகு அலசல். ராத்திரியில் குளியலறையே போதும், சிவப்பு எல்இடி வெளிச்சத்தில். சிவப்புப் பூச்சு பூசிய ஜீரோ வாட் பல்பை நம்ப வேண்டாம்: தாள்மேல் ஒரு நாணயத்தை ஐந்து நிமிடம் வைத்துக் கழுவுங்கள், வட்டம் தெரிந்தால் பல்பு தோற்றது.

தீப்பெட்டி ஜெயிக்கும் இடமும் உண்டு. கலர் வரும், சட்டைப்பையில் அடங்கும், ஐஎஸ்ஓ 200 ஃபிலிமுக்கு நல்ல வெயிலில் ஆறில் ஒரு விநாடி போதும், 36 ரோலில் 40-க்கு மேல் படம் எடுக்கலாம். ஓரத்துளைகள் ஆறு நகர்ந்தால் ஒரு படம். ஸ்பைரல் பைண்டிங் பிளாஸ்டிக் துண்டை அந்த ஓரத்துளைகளில் உரச ஒட்டினால் 'டிக்' சத்தத்தை எண்ணிக்கொள்ளலாம். சிக்கல் என்னவென்றால், பெட்டிக்கும் ஃபிலிம் டப்பிக்கும் இடையே வெளிச்சம் புகுந்திருந்தால் ரோல் முழுக்கக் கழுவிய பிறகுதான் தெரியும். டப்பாவில் அதே தவறு பத்து நிமிடத்தில் பிடிபடும், அடுத்த தாளில் திருத்திவிடலாம். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மட்டும் நம்பினால் வெயிலில் பசை இளகி நழுவும். அடியில் கறுப்புத் தாள் வைத்து இரண்டு சுற்று ஒட்டுங்கள்.

கழுவவே வசதியில்லாதவர்களுக்கு மூன்றாவது வழி: கேனுக்குள் தாளை வைத்து மாதக்கணக்கில் விட்டுவிட்டால் சூரியனின் தடம் தானாகக் கருத்து விழும். வெளிநாட்டுக் குறிப்புகள் தெற்குப் பார்த்துக் கட்டச் சொல்லும். மதுரை 9.9 பாகை வடக்கில் இருப்பதால் அது இங்கே பலிக்காது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே போய்விடும். கிழக்கு அல்லது மேற்குப் பார்த்து வையுங்கள். கோடுகள் கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறும். டிசம்பர் 22 முதல் ஜூன் 21 வரை விட்டால் சூரியனின் முழு ஓட்டமும் பதிவாகும், வடகிழக்குப் பருவமழையின் பெரும்பகுதியும் தப்பும். சொந்த மாடியிலேயே கட்டுங்கள். டேப் சுற்றிய டப்பாவைக் கோயில் பக்கம் யாராவது பார்த்தால் போலீஸ்தான் வரும். எடுத்த தாளை ஹைப்போவில் போட்டால் படம் பெரும்பாலும் வெளிறிவிடும், ஸ்கேனர் வெளிச்சம்கூடக் கருக்கும். பிரிவியூ பார்க்காமல் ஒரே தடவை ஸ்கேன் செய்துவிட வேண்டும்.