ஆதிச்சநல்லூர் மியூசியம்: நவதிருப்பதி ட்ரிப் போறவங்க ஒரு அர மணி நேரம் இங்கயும் எறங்குங்க

அஞ்சுக்கு நாலு ஸ்டார். அந்த ஒரு ஸ்டார் ஏன் கொறைச்சேன்னு கடைசியில சொல்றேன்.

போன மாசம் ஆச்சி, வீட்டம்மா, பொண்ணு எல்லாரையும் கூட்டிட்டு நவதிருப்பதிக்கு ஒரு டிராவல்ஸ்ல (பேரு வேண்டாம்) வண்டி புடிச்சோம். போற வழிதான ஆதிச்சநல்லூர்ல நிப்பாட்டுங்கன்னா டிரைவர், "அண்ணாச்சி, அங்கன என்ன இருக்கு, ஒடஞ்ச பானைதான கெடக்கு"ங்காரு. லிஸ்ட்ல இல்லாத ஸ்டாப்புன்னு தனியா முந்நூறு ரூவா வேற வாங்கிட்டாங்க. நெல்லை-திருச்செந்தூர் ரோட்டுல பஸ்லயே போயிருக்கலாம், ரோட்டு மேலயே இருக்கு.

2023 ஆகஸ்ட்ல தொறந்த எடம் இது. தோண்டுன குழிய அப்படியே விட்டு மேல கண்ணாடி போட்டிருக்காங்க, நீங்க கண்ணாடி மேல நிக்கணும், காலுக்குக் கீழ தாழி தாழியா கெடக்கும், அந்தக் காலத்துல செத்தவங்கள வச்சுப் பொதைச்ச பெரிய மண்பானைங்கதான் தாழி. சிலது வாய் ஒடஞ்சு, சிலது மண்ணு பாரத்துல ஒரு பக்கமா சாஞ்சு. எம் பொண்ணு மொதல்ல கண்ணாடில கால வைக்கவே பயந்தா, அப்புறம் குப்புறப் படுத்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்கா. ஆச்சி அவ பங்குக்கு, அந்தக் காலத்துல ஆளு சாகாம வயசாகி வயசாகி குறுகிப் போயிருவாங்களாம், அவங்கள தாழிக்குள்ள உக்கார வச்சு பக்கத்துல வெளக்கும் வச்சிருவாங்களாம்னு கதைய எடுத்து விட்டுட்டா, புள்ள அன்னைக்கு ராத்திரி தூங்கல.

ஆனா ஆச்சி சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு மண்டையில உறைச்சுது. இந்த எடத்த ஊர்ல பறம்புன்னுதான் சொல்லுவாங்க, சரளைக் கல்லு மேடு, நூறு ஏக்கருக்கு மேல வரும், ஒண்ணும் வெளையாது. கொஞ்சம் தள்ளுனா தாமிரவருணி, ரெண்டு கரையும் பச்சைப் பசேல்னு வயலு. "வெளையுற மண்ண விட்டுட்டு வெளையாத மண்ணுல பொதைச்சிருக்கான், வெவரமானவன்தான்"னா. தாழிக்குள்ள நெல் உமி, தினை, துணித் துணுக்கு எல்லாம் கெடைச்சிருக்கு. 2004-05ல கெடைச்ச ஒரு பானை ஓட்டுல பொம்பளை, கொக்கு, முதலை, மான், நெல்லுக்கதிரு எல்லாம் ஒட்டி வச்ச மாதிரி செஞ்சிருக்காங்க. கொக்கும் முதலையும் கதிரும்னா ஆத்தங்கரையேதான, வேற என்ன. அந்தத் தோண்டல்ல எடுத்த சாம்பிள்ல ரெண்டுக்கு கார்பன் டேட்டிங்ல வந்தது கிமு 905, கிமு 696. கீழடி தெரிஞ்ச அளவுக்கு இது நம்மாளுகளுக்கே தெரியாது, எனக்கும் ஸ்கூல்ல ரெண்டு மார்க் கேள்விதான்.

இப்ப அந்த ஒரு ஸ்டாருக்கு வாரேன். மியூசியத்த நடத்துறவங்க மேல கொறை இல்ல. 1876லயே ஜாகோர்னு ஒரு ஜெர்மன்காரர் வந்து தோண்டி எடுத்தத பெர்லினுக்குக் கொண்டு போயிட்டாரு, அப்புறம் 1899ல இருந்து தொல்லியல் துறையில இருந்த அலெக்சாண்டர் ரீ தோண்டுனாரு, தங்கத்துல நெத்திப்பட்டம், வெண்கலச் சாமான், இரும்பு வாளு, ஈட்டின்னு ஏகப்பட்டது, அதெல்லாம் எழும்பூர் மியூசியத்துக்குப் போயிருச்சு. எங்க ஆத்தங்கரைச் சாமான பாக்க நான் நெல்லை எக்ஸ்பிரஸ் புடிக்கணும். 2020 பட்ஜெட்ல இங்க பெரிய மியூசியம் வரும்னாங்க, அது வந்து அதெல்லாம் திரும்பி வந்தா அஞ்சு ஸ்டார் போட நான் ரெடி.

தொப்பி, தண்ணி பாட்டில் கட்டாயம், மேட்டுல வெயிலு மண்டையப் பொளக்கும். முடிச்சுட்டு நேரம் இருந்தா ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குப் போங்க, இந்த ஆத்துல கடைசி அணைக்கட்டு அதான். அதத் தாண்டிக் கொற்கை, ஒரு காலத்துல முத்து ஏத்துன துறைமுகம், இப்ப கடல் தள்ளிப் போயி ஊரு வயலுக்கு நடுவுல நிக்கி. நாங்க போகல, டிரைவர் மூஞ்சி சரியில்ல.

கெளம்பும்போது பொண்ணு வெளிய கெடந்த ஓடு ஒண்ண எடுத்து பாக்கெட்ல போட்டுட்டா, உள்பக்கம் கருப்பு, வெளிய செவப்பு, வழவழன்னு இருந்துச்சு. ஆச்சிதான் பாத்துட்டு, "எடுத்த எடத்துலயே போட்டுரு தாயி, யாரு வீட்டுப் பாத்திரமோ"ன்னா.